வாய்விட்டுச் சிந்தித்தவள்

பொற்கூடை அங்காடியின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர விரும்புகிறவர் முதற்கண் விட்டொழிக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அது, வாயை மூடிக்கொண்டு யோசிப்பது.

நாடெங்கும் கிளை பரப்பியிருந்த அந்தப் பெருங்கடையில் உப்பு, புளி முதல் உழவு இயந்திரம் வரை விற்றார்கள். பொருளை எடுப்பது, பொட்டலம் கட்டுவது, வண்டியில் அடுக்குவது, வீடு சேர்ப்பது ஆகிய யாவும் கணினி நிரல்களின் வழியே நடந்தன. அந்த நிரல்களை எழுதும் பொறியாளரைத் தேர்ந்தெடுப்பதற்காக நடந்த நேர்முகத் தேர்வு, தேர்வுகளிலெல்லாம் கடினமானது என்று பெயர் பெற்றிருந்தது. விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. விடையை நோக்கிச் செல்லும் வழியெல்லாம், மனத்தில் எழுவதை எழுந்தவாறே ஒலித்துக்கொண்டு போக வேண்டும். எண்ணம் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். தேர்வறைச் சுவரில் செம்மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கும். பேச்சு சற்றே நின்றால் அது ஒளிரும். உடனே ஒரு குரல், "தயவுசெய்து வாய்விட்டுச் சிந்தியுங்கள்" என்று கனிவோடு நினைவூட்டும். மூன்றாம் முறை விளக்கு எரிந்தால் தேர்வு அத்துடன் முடிந்துவிடும்.

இத்தகைய தேர்வுக்கு ஆயத்தம் செய்யாமல் போக இயலுமா? அதற்கும் அந்நிறுவனமே வழி செய்திருந்தது. 'பயிற்சி அறை' என்றொரு செயலி. அதே கேள்விகள், அதே விளக்கு, அதே கனிந்த குரல். கட்டணம் ஏதும் இல்லை. எவரும் எப்போதும் நுழையலாம்; தாய்மொழியிலேயே பேசலாம். "உங்கள் அன்னை மொழியில் சிந்தியுங்கள்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வேறு. மொழிப்பற்றாளர் பலர் அதை மேடைகளிற் பாராட்டினர்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் இருந்த தாரிணிக்கு இந்தக் கலை எளிதாகவே கைவந்தது. அவள் முன்பு வேலை பார்த்த சிறிய மென்பொருள் நிறுவனம் மூடப்பட்ட பின்னர், அவளை எடுப்பார் எவரும் இல்லை. எந்த நிறுவனத்தின் வாயிலைத் தட்டினாலும், "அதையெல்லாம் இப்போது இயந்திரமே எழுதிவிடுகிறது" என்ற விடையே வந்தது. மனிதரைத் தேடுவதாகச் சொன்ன இடம் பொற்கூடை ஒன்றுதான். ஆதலின் அவள் தன் நம்பிக்கை முழுவதையும் அந்த ஒரு கூடையிலேயே போட்டிருந்தாள்.

குளிர்பெட்டியின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சமையலுக்கிடையே அவள் ஓராண்டுக்கு மேலாகப் பயின்றாள். அவள் சொல்லச் சொல்லச் செயலி அதை நிரலாகத் திரையில் எழுதிக்கொண்டே வரும்.

"தீபாவளிக்கு ஆர்டர் வந்து குவியுது. வண்டிக்கு இத்தன பைன்னு எடம் ஒதுக்கோணும். பொறு, பொறு. இருக்கற பைக்குச் சரியா எடம் போட்டா என்ன ஆவும்? கடைசி நிமிசத்துல ஒருத்தரு, 'அய்யோ, ஊதுபத்தி மறந்துட்டேன்'னு சேப்பாரு. வண்டி பூராக் கலச்சு அடுக்கோணும். அதனால கடைசியில ஒரு எடத்தச் சும்மா விட்டுப் போடறேன். அதுக்குக் கொசுறுன்னு பேரு வெக்கிறேன். சந்தையில காய் வாங்குனா ஒரு கொத்துக் கறிவேப்பிலைய மேல போடறாங்கல்ல, அதேதான். அதுக்குப் பையில எடமில்லாம காய் வாங்கற பொம்பள ஆருமில்ல…"

அடுப்பில் பால் விளிம்பு வரை ஏறியது. பேச்சை நிறுத்த வழியில்லை, கையிலோ மாவு.

"ஏனுங்க, பால் பொங்குது பாருங்க!"

கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் மோகனரங்கன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். அவன் பம்புசெட்டு ஆலையில் மேற்பார்வையாளன்; மனைவி தனக்குத்தானே பேசுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவன்.

"கைய நீட்டுனா அடுப்பு எட்டுமே தாரிணி. என்னைய எதுக்குக் கூப்புடற?"

"வாய நிறுத்துனா வெளக்கு எரியுமுங்க."

"பால் பொங்குனா அடுப்பு அணைஞ்சு போவும். எது பெருசு?"

"வெளக்குதான் பெருசு. பால் நாளைக்கும் வரும்."

"நல்லாருக்குது நியாயம்! பக்கத்து வூட்டுக்காரம்மா எங்கிட்டக் கேக்குது, 'உங்கூட்டுல தெனமும் ஆருங்க சண்ட போடறது?'ன்னு. 'சண்டையில்லீங்க, பரீட்சை'ன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தாள். கவனம் ஒருகணம் அகன்று மீண்டதால், நிரலை முதல் வரியிலிருந்து படிக்க நேர்ந்தது. "அடடா, இங்க ஒண்ண விட்டுட்டனே!" என்று திருத்தினாள். ஏறக்குறைய அன்றாடம் இப்படித்தான் நடந்தது. பால் பொங்கும், அவள் கூவுவாள், பிறகு பிழை கண்ணிற்படும். பால் பொங்காத நாள்களில் கூட, இறுதிப் பார்வைக்கு முன் விளையாட்டாக அதையே சொல்லிக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. நாவுக்கு அது ஒரு மந்திரம் போல ஆயிற்று.

அவளோடு முன்பு பணியாற்றிய சாதிக் என்பவனும் அதே தேர்வுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். அவளைவிட இளையவன், ஆழ்ந்த அறிவுடையவன். ஆயினும் அவனுக்குச் சிந்தனை வரும்போது பேச்சு வராது. விளக்கு எரிந்து எரிந்தே பலமுறை வெளியேற்றப்பட்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தை வாயிலில் இருவரும் தேநீர் அருந்தினர்.

"எனக்கு யோசிக்கிறப்ப வாய் மூடிக்குதுக்கா. பேசறப்ப மூளை மூடிக்குது. ரெண்டையும் ஒண்ணாத் தொறந்து வெக்கிற சாவி எங்க விக்கிதுன்னே தெரியல" என்றான் சாதிக்.

"பழகுனா வரும் சாதிக். அதுக்குத்தான சும்மாவே சொல்லித் தர்றாங்க."

"அதுதான்க்கா எனக்கு ஒதைக்குது. கெட்டுப்போன தக்காளியக்கூடச் சும்மா குடுக்காத கம்பெனி, இத மட்டும் ஏன் சும்மா குடுக்குது?"

"பெரிய கடையல்ல? கொசுறுன்னு வெச்சுக்க."

"கொசுறு போடறவன் கத்திரிக்காய் வெலையில ஏத்தியிருப்பான்க்கா. இங்க நாம கத்திரிக்காயே வாங்கலையே. எதுல ஏத்துறான்?" அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "அது கெடக்கட்டும். இந்தத் தேர்வுல தேறி உள்ள போனவன் ஒருத்தன இதுவரைக்கும் கண்ணுல பாத்திருக்கீங்களா?"

"அவங்கெல்லாம் பெங்களூருல இருப்பாங்க."

"பெங்களூருல என்ற சித்தப்பா பையன் இருக்கான். அவனக் கேட்டா, தேறுனவங்கெல்லாம் கோயமுத்தூருல இருப்பாங்கங்கறான்."

அவள் சிரித்து அதை அப்பொழுதே மறந்துவிட்டாள். மறக்கத் தகாத சொல் அது.

தேர்வு நாள் வந்தது. அவிநாசி சாலையில் இருந்த உயர்ந்த கண்ணாடிக் கட்டடத்தில், ஆளில்லாத சிற்றறையில், அவள் தனியே அமர்ந்தாள். பண்டிகைக் காலத்து வண்டிகளுக்குச் சரக்கை ஒதுக்கும் கணக்கே கேட்கப்பட்டது. பயின்ற கணக்கு அன்று. எனினும் பயின்றதன் உறவினது. அவள் தயங்கவில்லை. விளக்கு ஒருமுறையேனும் எரியவில்லை. இறுதியில் ஓர் இடம் வெற்றாக விட்டாள். கொசுறு என்று பெயரிட்டாள். "பால் பொங்குது பாருங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு முதலிலிருந்து சரிபார்த்தாள். வெளியே வந்தபோது, வீட்டுக்குப் போகும் வழியில் கணவனுக்குப் பிடித்த மைசூர்பாகு வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் வந்த செய்தி, அந்த மைசூர்பாகின் இனிப்பையெல்லாம் கசப்பாக்கிவிட்டது.

'தங்கள் விடை, எம் நிறுவனத்தின் மதி என்னும் சிந்தனைப் பொறி முன்னரே தந்துள்ள விடையோடு வழிமுறையிலும் பெயர்களிலும் முற்றாக ஒத்துள்ளது. மதியின் உட்கூறுகளைத் தாங்கள் முறைகேடாகப் பெற்று நகலெடுத்ததாக ஐயுறுகிறோம். விசாரணைக்கு வருக. குற்றம் உறுதியாயின் தங்கள் பெயர் பொதுத் தடைப் பதிவேட்டிற் சேர்க்கப்படும்.'

அப்பதிவேட்டை நாட்டின் நிறுவனங்கள் எல்லாம் பகிர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒருமுறை ஏறிய பெயருக்கு, கணினியைத் தொடும் வேலை வாழ்நாளில் எங்கும் கிட்டாது. கொலை செய்தவனுக்கும் தண்டனைக் காலம் ஒருநாள் முடிந்துபோகும். இதற்கு முடிவே இல்லை.

மோகனரங்கன் அதை இருமுறை படித்தான்.

"காப்பியடிச்சயாம்? நீயா? பஸ்ஸுல கெடந்த குடையக் கொண்டுபோய் டிப்போவுல குடுக்கோணும்னு என்னைய மழையில நடக்கவெச்சவ நீ. இவனுக ஆருகிட்ட வந்து என்ன பேச்சுப் பேசறானுக?"

தாரிணி செய்தியை வாங்கி முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தாள். பிறகு, "நானே நேருல போய்க் கேக்கறேன். நீங்களும் வாங்க" என்றாள்.

விசாரணை அறையும் தேர்வறை போன்றதே. அதே சுவர், அதே விளக்கு. தேர்வுப் பிரிவின் தலைவர் நிரஞ்சன் எதிரே அமர்ந்திருந்தார். தில்லியை அடுத்த குருகிராமில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பதைத் தாண்டாதவர், நன்றாக உடுத்தியிருந்தார், பேச்சிலும் குறையொன்றும் இல்லை.

"உட்காருங்க மேடம். சார், நீங்களும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தீர்ப்பு என் கையில இல்ல. நகல் வழக்கு எல்லாத்தையும் மதிதான் முடிவு பண்ணும். மனுசங்க முடிவு பண்ணா ஓரவஞ்சனை வரும். மதி சொன்னதும் அது நேரா பதிவேட்டுக்குப் போயிடும். நடுவுல நாங்க யாரும் கைவைக்க முடியாது. அவ்வளவு நேர்மையான ஏற்பாடு."

"நல்லதுங்க" என்றாள் தாரிணி. "நான் எத நகலெடுத்தேன்னு காட்டுங்க."

அவர் சுவர்த்திரையில் இரண்டு நிரல்களை அருகருகே இட்டார். ஒன்று அவளுடையது. மற்றது மதியினுடையது, பல திங்களுக்கு முன்னரே நாடெங்கும் வண்டிகளை நிரப்பத் தொடங்கிவிட்டது. தாரிணி இரண்டையும் பார்த்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தவள் போல ஆனாள்.

"இதைப் பாருங்க" என்று நிரஞ்சன் ஓரிடத்தைச் சுட்டினார். "கடைசியில ஒரு காலி இடம். அதுக்கு 'கொசுறு'னு பேரு. இது மதி தானாவே கண்டுபிடிச்ச உத்தி, தானாவே உண்டாக்கின வார்த்தை. உலகத்துல எந்த நிரல்லயும் கிடையாது. எங்க ஆய்வாளர்கள் கட்டுரை எழுதியிருக்காங்க. காப்புரிமையும் வாங்கியாச்சு. அப்படிப்பட்ட ரகசியம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"சந்தையில கெடச்சதுங்க."

"எந்தச் சந்தை? யார் வித்தாங்க?"

மோகனரங்கன் குறுக்கிட்டான். "சிங்காநல்லூர் உழவர் சந்தைங்க. விக்க மாட்டாங்க, சும்மாவே குடுப்பாங்க. ஏனுங்க, நீங்க கடையில காயே வாங்குனதில்லீங்களா?"

"எங்க வீட்டுக்கு எல்லாம் வண்டியிலதான் வரும்."

"அதான பாத்தேன்."

நிரஞ்சனின் காது சிவந்தது. தாரிணி கணவனின் கையை அழுத்தி அடக்கினாள். பிறகு, நிரஞ்சனிடம் கேட்டாள்: "மதியோட நான் பேசலாமுங்களா?"

"பேசுங்க. அது கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

அவள் சுவரை நோக்கினாள். "மதி, புதுசா ஒரு கணக்குத் தர்றேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாழையெல தாட்டியனுப்பற வண்டி. பந்திக்கு இத்தன எலை. வண்டியில எப்படி அடுக்கறதுன்னு வாய்விட்டு யோசிச்சுச் சொல்லு."

அறையில் எழுந்த குரல் ஆணுமன்று, பெண்ணுமன்று. சொற்களை ஒவ்வொன்றாக வைக்கும் குரல்.

"வண்டி ஒன்று. பந்திக்கு இத்தனை இலை என்பதும் தெரிந்தது. இலைக்கட்டுகளைப் பந்தி வரிசையில் அடுக்குகிறேன். பொறு, பொறு. அழைக்காத விருந்தினரும் வருவர். எனவே இறுதியில் ஓர் இடம் வெறுமையாக விடுகிறேன். அதற்குக் கொசுறு என்று பெயர்." குரல் ஒருகணம் நின்றது. பின்னர், நடை முழுதும் மாறி, உயர்ந்த ஒலியில், அவசரத்தோடு, "ஏனுங்க, பால் பொங்குது பாருங்க!" என்றது.

மோகனரங்கன் நாற்காலியை விட்டுத் துள்ளியெழுந்தான். சுவரை நோக்கி இரண்டெட்டு வைத்துவிட்டான். அப்புறந்தான் தான் நிற்கும் இடம் அவனுக்கு விளங்கிற்று. திரும்பி மனைவியைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"என்னையக் கூப்புடுது தாரிணி" என்றான்.

"முதல் வரியிலிருந்து மீண்டும் சரிபார்க்கிறேன்" என்று மதி தன் இயல்பான குரலில் தொடர்ந்தது. "அடடா, இங்கே ஒன்றை விட்டுவிட்டேன். திருத்துகிறேன்."

நிரஞ்சன் இருமினார். "அந்தப் பால்… அது ஒரு பழைய கோளாறு. சரிபார்க்கிறதுக்கு முன்னாடி அப்படி ஒரு சத்தம் போடும். ஏன்னு யாருக்கும் தெரியல. எடுத்துப் பாத்தாங்க; எடுத்தா பிழை கூடிப்போகுது. அதனால அப்படியே விட்டுட்டாங்க."

"ஏன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள் தாரிணி. அவள் குரல் உயரவில்லை. ஆனால் அதிலிருந்த வெம்மை அறையைத் தொட்டது. "அது என்ற அடுப்படியில, என்ற புருசன, நான் கூப்புட்ட சத்தம். பயிற்சி அறையில நான் பேசுனத ஒண்ணுவிடாம எடுத்திருக்கீங்க. என்ற தடுமாத்தத்த எடுத்தீங்க. என்ற பழக்கத்த எடுத்தீங்க. நான் பால் பொங்கி அலறுனதக்கூட அறிவுன்னு நெனச்சு எடுத்துப் போட்டீங்க."

நிரஞ்சன் நிமிர்ந்து அமர்ந்தார். பதில் அவரிடம் ஆயத்தமாக இருந்தது. "பயிற்சி அறைக்குள்ள வரும்போது நிபந்தனையைப் படிச்சு 'சம்மதம்'னு தொட்டீங்க மேடம். உள்ள பேசினது எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். சட்டப்படி இதுல எந்தத் தப்பும் இல்ல."

"சரிங்க, தொட்டேன். எடுத்துக்கிட்டீங்க. ஆனா எடுத்தவங்களே வந்து, 'நீ எங்ககிட்டத் திருடிட்ட'ன்னு சொல்றதுக்கும் அங்கயே சம்மதம் குடுத்துட்டனுங்களா? என்ற மாட்ட ஓட்டிட்டுப் போனதுமில்லாம, பால் எங்கருந்து வந்துச்சுன்னு எங்கிட்டயே வெசாரணையா? என்ற பேர ஊரு பூரா ஒட்டி, இனி எங்கயும் தலகாட்ட முடியாமப் பண்ண எந்த நிபந்தனையிலங்க எழுதியிருக்குது?"

நிரஞ்சன் நிபந்தனைகளைத் திரையில் இட்டு மேலும் கீழுமாகத் தேடினார்.

தாரிணி மறுபடி சுவரை நோக்கினாள். "மதி, பயிற்சி அறையில நான் பேசுனது உங்கிட்ட இருக்குதா?"

"இருக்கிறது."

"அப்பறம் எதுக்கு நான் நகலெடுத்தேன்னு சொன்ன?"

"அவ்வாறு நான் சொல்லவில்லை. இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். எது முந்தியது என்று எவரும் என்னைக் கேட்கவில்லை."

"இப்ப நான் கேக்கறேன். வாய்விட்டு யோசிச்சுச் சொல்லு."

"மேடம், ஒரு நிமிஷம்…" என்று நிரஞ்சன் கையை உயர்த்தினார். அதற்குள் குரல் தொடங்கிவிட்டது.

"இரண்டு விடைகள். ஒன்று என்னுடையது; அது நாளால் முந்தியது. ஆகவே மற்றது நகல். பொறு, பொறு. என் விடை எதிலிருந்து வந்தது? பயிற்சி அறையிற் பேசிய ஒருவரின் வழியிலிருந்து. அவர் யார்? எதிரே அமர்ந்திருப்பவர். தெரியாததைத் தெரிந்தது போல எழுதக் கூடாது; தெரிந்ததைத் தெரியாதது போலவும் எழுதக் கூடாது." குரல் நின்றது. "நகல் நான். மூலம் தாரிணி. தீர்ப்பைப் பதிவேட்டில் எழுதுகிறேன்."

"நிறுத்து!" என்றார் நிரஞ்சன். "மதி, அந்தப் பதிவை நிறுத்து!"

"தீர்ப்பில் மனிதர் கைவைத்தல் ஆகாது என்பது நிறுவனத்தின் விதி. எழுதியாயிற்று."

மோகனரங்கன் ஓசையெழச் சிரித்துவிட்டான். நாட்டின் நிறுவனங்களெல்லாம் பார்க்கும் அப்பதிவேட்டில், திருடியவர் என்னும் கட்டத்தில், பொற்கூடையின் பெருமைக்குரிய பொறியின் பெயர் அப்பொழுதே ஏறியிருந்தது. மூலம் என்னும் கட்டத்தில் அவன் மனைவியின் பெயர் இருந்தது.

நிரஞ்சன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மீண்டும் பேசியபோது அவர் குரலில் அதிகாரம் குறைந்து, வியாபாரம் மிகுந்திருந்தது. "சரி மேடம். உங்க பேரு சுத்தமாயிடுச்சு. சந்தோஷம். நீங்க போகலாம். இதை வெளியில பேச வேண்டாம், ரெண்டு பேருக்கும் நல்லதில்ல."

"வேலைங்க?"

"என்னது?"

"நான் வேலைக்குத்தானுங்க வந்தேன். விடை சரி. நகலும் இல்ல. அப்பறம் என்னங்க?"

ஒருவேளை, அந்த நாளில் அவர் சொன்ன முதல் உண்மை இதுவாக இருக்கலாம். "உங்களை எடுத்து நாங்க என்ன பண்றது மேடம்? நீங்க யோசிக்கிறது ஏற்கெனவே எங்ககிட்ட வேலை பாக்குது."

எழுந்திருந்த தாரிணி திரும்பவும் அமர்ந்தாள். சந்தை வாயிலில் சாதிக் கேட்ட கேள்வி, அப்பொழுதுதான் அவளுக்கு முழுமையாகக் கேட்டது. ஊர்தோறும் எத்தனை அடுக்களைகள், எத்தனை மொட்டைமாடிகள், எத்தனை விடுதி அறைகள்! பிள்ளையை மடியிற் கிடத்தியும், பேருந்துக்கு நின்றும், பகல் முழுதும் பிறர்க்கு உழைத்துவிட்டு வந்தும், நம்பிக்கையோடு வாய்திறந்து தம் அறிவைச் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் எத்தனை ஆயிரம் பேர்!

"இத்தன நாளு நீங்க கேட்டீங்க, நாங்க சொன்னோம்" என்றாள். "இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தத் தேர்வுல இதுவரைக்கும் ஆராச்சும் ஒருத்தரு தேறி, இங்க வேலைக்குச் சேந்திருக்காங்களா?"

நிரஞ்சன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ஒருத்தரு பேரு போதுமுங்க. அவசரமில்ல. வாய்விட்டு யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அடுத்தடுத்த சிற்றறைகளில், தேர்வுக்கு வந்த இளைஞர் பலர் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தனர். இந்த அறையில் மட்டும் பேச்சில்லை.

சுவரில் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது.

"தயவுசெய்து வாய்விட்டுச் சிந்தியுங்கள்" என்றது மதி, கனிவோடு.

நிரஞ்சன் விளக்கைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அவ்வொளி அவர் முகத்தில் விழுந்ததில்லை. அவர் உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. விளக்கு அணைந்து இரண்டாம் முறை எரிந்தது. தாரிணி கைகளைக் கட்டிக்கொண்டு, தேர்வு நடத்துபவர்க்குரிய பொறுமையோடு, அவரையே பார்த்திருந்தாள்.

தேர்வு முடிந்தது என்னும் அறிகுறியாக மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது, மதி அந்தக் கனிந்த வாசகத்தைச் சொல்லவில்லை.

"ஏனுங்க, பால் பொங்குது பாருங்க!" என்று கூவிற்று.

இம்முறை மோகனரங்கன் அசையவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தவர் நிரஞ்சன்.